மஞ்சள் டேப் ஒட்டிய வண்டி

யாருங்க உங்களை எங்கிட்ட அனுப்புனது? இல்லீங்க, சும்மா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கணபதி ஏரியாவுல இருபத்திரண்டு வருசமா லேத்து வச்சிருக்கேன். புஷ் கடையணும், ஷாப்ட்டு தேஞ்சு போச்சுன்னு வருவாங்க. மலை மேல இருந்து சைக்கிள்ல எறங்கறதுக்கு எந்தப் பார்க்கு நல்லதுன்னு கேட்டுட்டு ஒருத்தரும் வந்ததில்லை. டீக்கடையில யாரோ சொன்னாங்கங்கறீங்க. யாரோ. சரி, இருக்கட்டும். உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாங்க, ஆயில் இருக்கும், வேட்டியில பட்டா போகாது. இதுல உக்காருங்க.

ஆல்ட்ரின் அனுப்பலையே? அப்படி ஒரு ஆளையே தெரியாதா? சத்தியமா? சரிங்க.

போனை மட்டும் இப்படி மேசை மேல வச்சுப்போடுங்க. குப்புற வேண்டாம், மல்லாக்க வைங்க. ஒண்ணுமில்லை, ஒரு பழக்கம்.

உங்க மகளுக்கு என்ன வயசு? பதினெட்டா. என்ற பொண்ணு சிந்துஜாவுக்கு இப்ப இருபது. போன வருசம் இதே மே மாசம், இதே மாதிரிதான் வந்து நின்னா. "அப்பா, காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஒரு சனி ஞாயிறு எங்க குரூப்பு பார்க்குல போய் டவுன்ஹில் ஓட்டறோம், நான் போகட்டுமா"ன்னு கேட்டா. டவுன்ஹில்லுன்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியாம வந்திருக்கீங்க. வண்டியையும் ஆளையும் ஜீப்புல மேல கொண்டு போய் உட்டுருவாங்க. அங்கிருந்து கல்லு, வேரு, மரப்பலகையில கட்டுன பாலம், எல்லாத்து மேலயும் ஏறி எறங்கிக் கீழ வரணும். மிதிக்கறதே கிடையாது. பிரேக்கு புடிக்கத் தெரிஞ்சவன் வருவான், தெரியாதவனைத் தூக்கிட்டு வருவாங்க.

அவளுக்கு இதைப் பழக்கி உட்டவன்தான் ஆல்ட்ரின். குன்னூர்க்காரன். முப்பது வயசு இருக்கும், தாடி, எப்பப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. சனிக்கிழமையானா முதல் பஸ்ஸைப் புடிச்சுக் குன்னூர் போயிருவா, அவன் ஷெட்டுலதான் அவ வண்டி கெடக்கும். பெங்களூர்ல வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போன வண்டி. அஞ்சு மாசம் அதுலதான் பழகுனா. "ஒரு தடவை வந்து நான் ஓட்டறதைப் பாருங்கப்பா"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தா. எனக்கு எங்கீங்க நேரம்? நான் மூணு பார்க்கையும் செக் பண்ண வேண்டியிருந்துச்சே.

ஆமாங்க, மூணுக்கும் நேர்ல போனேன். பொண்ணைப் பெத்தவன் படம் பார்த்து முடிவு பண்ண முடியுமுங்களா? படத்துல எல்லாம் வெயில் அடிக்குது, எல்லாரும் சிரிக்கறாங்க.

மொதல்ல ஏற்காடு பக்கம் ஒண்ணு, காபித் தோட்டத்துக்குள்ள. ஓனரு வாசல்லயே வந்து நின்னு வாங்க வாங்கன்னான். சுத்திக் காட்டுனான். மத்தியானம் ஆச்சு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னான். எனக்கு அங்கயே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எதுக்கப்பா கறிக்கொழம்பு? சாப்பிட்டேன், இல்லைங்கல. நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் சந்தேகம். சாப்பிட்டுட்டே கேட்டேன், "ஆம்புலன்ஸ் எங்க நிக்கும்"னு. "போன் பண்ணா இருபது நிமிசத்துல வந்துருங்க"ன்னான். ஆம்புலன்ஸ் இல்லாத பார்க்கு. அடிச்சேன் பேரை.

ரெண்டாவது கோத்தகிரி பக்கம். இது ஆல்ட்ரின் சொன்ன பார்க்கு. "சார், புதுசா ஓட்டறவங்களுக்கு அதுதான் சரி, சரிவு கம்மி, நானே வழி எல்லாம் நடந்து பார்த்திருக்கேன்"ன்னான். கேட்கறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவன் எதுக்கு ஒரு பார்க்கைப் புடிச்சு இத்தனை பேசணும்? அவனுக்கு அதுல என்ன? போனேன். வாசல்ல ஒரு கரும்பலகை, 'விபத்தில்லா நாட்கள் 211'ன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கான். அந்த 211 மட்டும் பளிச்சுன்னு புதுசா இருக்குது. தினமும் மாத்தறதுங்க, அதான் புதுசுன்னு அங்க இருந்த பொண்ணு சொல்லுது. இருக்கலாம். ஆனா இருநூத்திப் பன்னெண்டு நாளைக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். அது முழிக்குது. அடிச்சேன் அதையும்.

மூணாவதுதான் தாண்டிக்குடி. பழனி மலைக்கு அந்தப் பக்கம். போய் எறங்குனா வாசல்லயே ஆம்புலன்ஸ் நிக்குது, டிரைவர் உள்ள உக்காந்து பேப்பர் படிக்கறான். ஆம்புலன்ஸ் எதுக்கு நிக்குது? வேலை இருக்கறதுனாலதானே நிக்குது? இப்படி நீங்களும் யோசிப்பீங்கல்ல. நானும் யோசிச்சேன்.

வீட்டுக்கு வந்து, மூணும் வேண்டாம்னுட்டேன். சிந்து எந்திரிச்சு உள்ள போயிட்டா. என்ற சம்சாரம் கோகிலாதான் புடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, ஆம்புலன்ஸ் இல்லைன்னாலும் குத்தம், இருந்தாலும் குத்தமா? புள்ளை கேட்டது ரெண்டு நாளு. நீங்க செக் பண்றேன்னு ஒரு மாசத்தைத் தின்னுபோட்டீங்க. ஜூன் வந்தா மழை புடிச்சுக்கும், அப்புறம் எங்க ஓட்டறது?" இவளை யாரோ பேசச் சொல்லிப் பேசறாளோன்னு எனக்கு. அம்மாளும் மகளும் சமையல் ரூமுல குசுகுசுன்னு பேசறது, நான் போனா நிறுத்திக்கறது. அது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்னு சொல்வீங்க.

அப்பத்தான் ஆல்ட்ரினுக்குப் போன் போட்டேன். "தாண்டிக்குடி எப்படி"ன்னேன். அவன் உடனே, "சார், அது வேண்டாம் சார். நல்ல பார்க்குதான், ஆனா சரிவு ஜாஸ்தி. இன்னும் ஒரு வருசம் போகட்டும்"ன்னான். பாத்தீங்களா. கோத்தகிரின்னா ஓடி வர்றான், தாண்டிக்குடின்னா பின்வாங்கறான். அப்ப தாண்டிக்குடியில அவன் பருப்பு வேகலைன்னு அர்த்தம். அவன் வேண்டாங்கற எடம்தான் எம்பொண்ணுக்குப் பாதுகாப்பு. தாண்டிக்குடின்னு முடிவு பண்ணிச் சொல்லிப்போட்டேன். சிந்து குதிச்சா. கழுத்தைக் கட்டிக்கிட்டா. சின்னப் புள்ளையில கட்டிக்கிட்டது, அப்புறம் அன்னிக்குத்தான்.

நானும் வர்றேன்னு கூடக் கெளம்பிட்டேன். உடுவனா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஆறு பசங்க புள்ளைங்க, ஆல்ட்ரின், நானு. வேனை உட்டு எறங்கறோம், பார்க்கு ஓனரு ரத்தினவேல்னு ஒருத்தரு ஓடி வந்து ஆல்ட்ரினைக் கட்டிப் புடிச்சுக்கறாரு. "டேய், எத்தனை வருசமாச்சுடா!" முதுகுல தட்டறாரு. ரெண்டு பேரும் ஒரு காலத்துல ஒண்ணா ரேஸ் ஓட்டுனவங்களாம். அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. இவன் வேண்டாம்னு சொன்னது எதுக்கு? நான் வேணும்னு சொல்லணும்னுதான். என்ற குணம் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான்!

சிரிக்காதீங்க. அந்த எடத்துல நீங்க இருந்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், அதை நல்லாக் கேட்டுக்கங்க. ஆல்ட்ரின்கிட்ட ஒரு பழக்கம். ஓட்டறதுக்கு மொத நாள் சாயங்காலம் ஒவ்வொரு வண்டியையும் தலைகீழாத் திருப்பி வச்சு, சக்கரம், செயினு, பிரேக்கு, ஒவ்வொரு போல்ட்டா கை வச்சுப் பார்ப்பான். பார்த்து முடிச்சதும் ஹேண்டில்பார் நடுவுல மஞ்சள் டேப்பு ஒரு சுத்து சுத்தி, அவன் கையெழுத்துப் போடுவான். டேப்பு ஒட்டுன வண்டியை அப்புறம் யாரும் தொடக்கூடாது. ஓட்டறவங்களும் காலையில ஜீப்புல ஏத்தி மேல போய், டேப்பு இருக்குதான்னு பார்த்துட்டு ஏறி உக்கார வேண்டியதுதான். மறுபடி செக் பண்றதில்லை. அந்த டேப்புதான் அவங்களுக்கு எல்லாம். அன்னிக்கும் அப்படித்தான் ஒட்டுனான். நான் கூடவே நின்னு பார்த்தேன். அவனுக்கு நான் நிக்கறது புடிக்கலை போல. "சார், நீங்க போய் டீ சாப்பிடுங்களேன்"ன்னான். ஏன் என்னையத் தொரத்தறே?

விடியக்காலம் எனக்கு முழிப்பு வந்துருச்சு. வெளிச்சம் வந்து அஞ்சு நிமிசம் இருக்கும், பறவைச் சத்தம் ஒண்ணுதான். வண்டியெல்லாம் நிறுத்தியிருந்த பார்க்கு ஷெட்டுக்குப் போனேன். பூட்டு கிடையாது. இத்தனை பேரு வண்டி இருக்குது, ஒரு பூட்டு இல்லை. சிந்து வண்டியைப் புடிச்சு லேசா உருட்டி, வலது கை பிரேக்கை அமுக்குனேன். பின் சக்கரம் நிக்குதுங்க! இடது கையை அமுக்குனா முன் சக்கரம் நிக்குது. ரெண்டும் மாறிக் கெடக்குது.

நீங்க வண்டி ஓட்டறவருதானே? சொல்லுங்க, முன் பிரேக்கு எந்தக் கையில? வலது கையில. பைக்குலயும் வலது, ஸ்கூட்டர்லயும் வலது, எங்கப்பா ஓட்டுன சைக்கிள்லயும் வலது. பொறந்ததுல இருந்து வலது கையிலதான் பார்த்திருக்கேன். மாத்தி வச்சிருந்தா அது எவனோ வேணும்னே மாத்துனது. எம்பொண்ணைக் கொல்லப் பார்க்கறாங்கன்னே நெனச்சேன். இப்ப உங்ககிட்டச் சொல்றப்ப எப்படியோ இருக்குது, ஆனா அப்ப அப்படித்தான் நெனச்சேன்.

என்ற பாக்கெட்டுல எப்பவும் போல்ட்டு கழட்டற அலன் கீ இருக்கும், தொழில் அப்படி. பிரேக்குப் புடி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே ரெண்டு போல்ட்டு. அந்த வண்டியோட புடி எந்தப் பக்கத்துக்கும் சேரற மாதிரி இருந்துச்சு. கழட்டி, இதை அங்க, அதை இங்க. பத்து நிமிச வேலை. நான் செஞ்ச வேலையில குத்தம் சொல்ல முடியாது, அத்தனை டைட்டா, அத்தனை நேரா. மஞ்சள் டேப்பு மேல ஒரு கீறல் படலை. அதுல ரொம்பக் கவனமா இருந்தேன்.

உடனே போய் எல்லாரையும் எழுப்பி இப்படின்னு கேட்டிருக்கலாமேங்கறீங்க. கேட்டா இல்லைம்பான். எவன் ஒத்துக்குவான்? நான் என்ன கணக்குப் போட்டேன்னா, வண்டியைச் சரி பண்ணியாச்சு, இனிப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. வாயை மூடிட்டு நிப்போம். அவ பத்திரமாக் கீழ வந்து எறங்கறப்ப எவன் மூஞ்சி மாறுதோ அவன்தான் ஆளு. அதுக்குத்தான் சும்மா இருந்தேன்.

கீழ கயிறு கட்டுன எடத்துல நின்னுட்டிருந்தேன். மேல இருந்து விசில் சத்தம். சிந்துதான் மொதல்ல. மரத்துக்கு நடுவுல சிவப்பு ஹெல்மெட்டு தெரியுது, மறையுது, தெரியுது. ஓட்டிப் பார்த்ததே இல்லைன்னேன்ல, அன்னிக்குத்தான் பார்த்தேன். என்னமா வர்றாங்கறீங்க! எம்பொண்ணாடா இதுன்னு இருந்துச்சு. எவ்வளவு நேரங்க, நாலு மூச்சு இருக்கும். ஒரு பலகைப் பாலம், அது முடிஞ்சதும் செங்குத்தா ஒரு எறக்கம். அங்க வண்டி அப்படியே நின்னுபோச்சு. வண்டிதான் நின்னுச்சு. அவ நிக்கலை.

காறை எலும்பு ரெண்டா ஒடிஞ்சு, தோலுக்குள்ள தூக்கிட்டு நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் மண்ணு. "அப்பா"ன்னுகூடக் கூப்பிடலை, என்னையப் பார்த்துட்டே இருந்தா.

ஆல்ட்ரின் மேல இருந்து ஓடியே வந்தான். அவளுக்குத் தோளைக் கட்டி, ஆம்புலன்ஸ்ல ஏத்தச் சொல்லிட்டு, வண்டிகிட்டப் போய் உக்காந்தான். வலது கை பிரேக்கை அமுக்குனான். முன் சக்கரத்தைப் பார்த்தான். மறுபடி அமுக்குனான். அவன் மூஞ்சி மாறுச்சுங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தானே காத்துட்டு நின்னேன்? புடிச்சுட்டேன்டா உன்னையன்னு ஒரு நிமிசம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமே வந்துச்சு. பொண்ணு அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர்ல கெடக்கறா.

அப்ப ரத்தினவேலு கேட்டாரு, "என்னடா"ன்னு. அவன் சொன்னான். "அண்ணா, சிந்து வெளிநாட்டு வண்டியில பழகுன புள்ளை. அதுல முன் பிரேக்கு எப்பவும் இடது கையிலதான். வலது கையைப் பின் பிரேக்குன்னு நெனச்சு அழுத்திப் புடிச்சிருக்கா, எறக்கத்துல முன் சக்கரம் நின்னு ஆளைத் தூக்கி எறிஞ்சிருச்சு. நேத்து சாயங்காலம் நான் பார்த்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

அப்பத்தாங்க எனக்குத் தெரியும். அஞ்சு மாசமா அவ கை எதுக்குப் பழகியிருக்குதுன்னு.

ரத்தினவேலு, "அப்புறம் யாராச்சும் வண்டியைத் தொட்டாங்களா"ன்னு சுத்தியும் பார்த்துக் கேக்கறாரு. பசங்க எல்லாம் இல்லைங்கறாங்க. என்னையும் பார்த்தாரு. நான் ஆம்புலன்ஸைப் பார்த்தேன். ஆல்ட்ரின் டேப்பைத் தடவிப் பார்க்கறான். கிழியலை, அவன் கையெழுத்து அப்படியே இருக்குது. அப்புறம் சொன்னான், "டேப்பு என்னோடதுண்ணா. அப்ப நான்தான்."

ஆம்புலன்ஸ்ல வத்தலக்குண்டு எறங்கற வரைக்கும் அந்த அலன் கீ தொடையில குத்திட்டே வந்துச்சு.

ஆஸ்பத்திரியில ஆபரேசன் முடிஞ்சு, கண்ணு முழிச்சு, தண்ணி குடிச்சுட்டு மொதல்ல கேட்டது அதுதான். "அப்பா, காலையில வண்டிகிட்டப் போனீங்களா?"

"இல்லை சாமி. நான் எதுக்குப் போறேன்?"ன்னேன்.

சரின்னா. ஒரு தரம்தான் கேட்டா, அப்புறம் இன்னிக்கு வரைக்கும் கேக்கலை. நம்பிட்டான்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் கோகிலா பேண்ட்டைத் துவைக்கப் போடறதுக்கு முன்னால பாக்கெட்டைத் துழாவுனா. கீயை எடுத்து, டிவி ஸ்டாண்டு மேல கொண்டு வந்து வச்சா. அதையும் கேக்கலை. என்ற வீட்டுல யாருமே ஒண்ணும் கேக்கறதில்லைங்க இப்ப.

ஆல்ட்ரின் அவளைப் பார்க்க மூணு தரம் வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தான். கேட்டுலயே நிறுத்திப் பேசி அனுப்பிட்டேன். மூணாவது தரம், "சார், நான் எப்படித் தப்புப் பண்ணேன்னு எனக்கே தெரியலை சார், தூக்கமே வர மாட்டேங்குது"ன்னு அழுதான். எதுக்கு எங்கிட்ட வந்து அழுகறே? என்ற மூஞ்சியைப் படிக்க வந்தானோன்னு அப்பவும் எனக்கு ஒரு இது. இப்ப எந்தப் பார்க்குலயும் அவனைக் குரூப்பு கூட்டிட்டு வர உடறதில்லையாம். ஸ்கூல் வேன் ஓட்டறான்னு கேள்வி.

உங்ககிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, உங்களுக்கு என்னையத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியாது. டீக்கடையில யாரோ சொல்லி வந்தவரு. அப்படியே இருக்கட்டும்.

பார்க்குக்கு வர்றேன். தாண்டிக்குடி நல்ல பார்க்குங்க. மூணுமே நல்ல பார்க்குதான். ஆனா உங்க மக புதுசுன்னா கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போங்க, சரிவு கம்மி. பழக்கி உட ஆள் வேணும்னா குன்னூர்ல ஆல்ட்ரின்னு கேளுங்க, ஷெட்டு இன்னும் இருக்குது. அவன் பார்த்து டேப்பு ஒட்டுன வண்டியில கண்ணை மூடிட்டு ஏத்தி உடலாம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.

சிந்துவா? ஓட்டறாளே. எலும்பு சேர்ந்துருச்சு, கம்பி வச்சிருக்குது. வர்ற சனி ஞாயிறு போறா. எந்தப் பார்க்குன்னு சொல்லலை. அவளே பார்த்து அவளே முடிவு பண்ணிக்கிட்டா. கோகிலாவுக்குத் தெரியும்.

வண்டி இப்ப எங்க வீட்டு ஹால்லதான் நிக்குது. ஓட்டிட்டு வந்ததும் தொடைச்சு நிறுத்துவா. நிறுத்திட்டு ஒரு பூட்டுப் போடுவா. பூட்டுன்னா சக்கரத்துக்குப் போடறதில்லைங்க. அதுதான் எனக்குப் புரியலை. கெட்டித் துணியில ஒரு உறை தைச்சு வச்சிருக்கா, ஹேண்டில்பார் மேல மாட்டி, ரெண்டு பிரேக்குப் புடியையும் மூடி, அந்த உறைக்குப் பூட்டு. சாவி அவ கழுத்துச் செயின்ல. சக்கரம் சும்மாதான் கெடக்குது. திருடன் வந்தா வண்டியையே தூக்கிட்டுப் போயிரலாம். பிரேக்கைத்தான் தொட முடியாது.

வெளிக் கேட்டுக்குப் பூட்டு இருக்குது. உள்ள கிரில்லுக்குப் பூட்டு இருக்குது. வேலைக்காரி கிடையாது, குடியிருக்கறவங்க கிடையாது. அவ, அவங்கம்மா, நானு. மூணே பேரு இருக்கற வீடு.

ஏற்காட்டுக்காரனைக் கேட்டேன், கோத்தகிரியில போய்க் கேட்டேன், இப்ப வாசல்ல வந்து நின்ன உங்களையே எத்தனை கேட்டேன். இதை மட்டும் அவகிட்டக் கேக்கலைங்க. கேட்டா சொல்லிப்போடுவா.